நீர் உமக்கே குத்திய சீல்

இன்று கந்தோரில் புது மைப்பெட்டி ஒன்றைத் திறந்தேன். அந்த ஊதா மையின் மணம் மூக்கில் ஏறியதும் வேலை ஓடவில்லை. நீர் கண்ணை மூடி ஒரு மாதமாகிறது. செய்தி கேட்ட அன்று வராத அழுகை இன்று வந்தது.

தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு, நாம் சேர்ந்து வேலை செய்த தபால் கந்தோர் இருந்த கோலம்! மின்சாரம் இல்லை. கப்பல் வந்தால்தான் கடித மூடைகள். நான் முன்யன்னலில் முத்திரை விற்பேன். சண்டையில் சனம் ஓடிப்போன ஊர்களுக்கு வந்த கடிதங்கள் உம் மேசைக்கு. ‘இடம்பெயர்ந்துவிட்டார், திருப்புக’ என்று சீல் குத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைப்பீர். நீரும் அந்த ஊர்களில் ஒன்றிலிருந்து ஓடிவந்து, உரும்பிராயில் உறவினர் வீட்டில் ஓர் அறையில் இருந்தவர்தான். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடிக்கும்போது, “இண்டைக்கு எங்கடை ஊரிலை பாதியைக் கலைச்சுப்போட்டன்” என்று பகிடி விடுவீர். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்வது?

ஒரு பின்னேரம் மூடையைக் கட்டி அரக்கு வைத்த கையோடு நீர் அப்படியே உட்கார்ந்துவிட்டீர். கனடாவிலிருந்து உம் அண்ணை எழுதிய கடிதமும் உள்ளே போய்விட்டதாம். நீர் புது விலாசம் எழுதி அனுப்பியது ஒன்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பழைய வீட்டுக்கே எழுதியிருக்கிறார். எட்டு மாதம் காத்திருந்த கடிதத்துக்கு, குத்துகிற வேகத்தில் நீரே சீல் குத்திவிட்டீர். அரக்கை உடைக்க நான் கத்தியை எடுத்தேன். நீர் என் கையைப் பிடித்தீர்.

“எல்லாற்றை கடிதமும்தானே போகுது. என்ரையை மட்டும் ஏன் எடுக்கவேணும்?”

அதன்பின் பகிடி நின்றது. சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பியது. ஒவ்வொரு உறையையும் மூன்றுதரம் பார்ப்பீர். சீலைத் தூக்குவீர், குத்தாமல் கீழே வைப்பீர். மேலதிகாரி அதை மெத்தனம் என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் மெல்லக் கேட்டீர்: “நாளைக்கு ஒருநாள் என்ரை கதிரையிலை இருக்கிறீரோ?”

“எனக்கும் வேலை கிடக்குதெல்லோ” என்றேன். பிறகு நீர் கேட்கவேயில்லை.

நாலு மாதம் கழித்துக் கந்தோர் விலாசத்துக்கே உம் அண்ணையின் கடிதம் வந்தது. திரும்பிப்போன உறையில் உம் சுருக்கொப்பத்தைக் கண்டுதான் நீர் உயிரோடிருப்பதை அறிந்தாராம். அங்கே அவர் வீட்டில் எல்லோரும் அந்த உறையை வைத்து அழுதார்களாம். நீர் வாசித்துக் காட்டியபோது எனக்குத்தான் தலைகால் புரியாத சந்தோஷம். இனி எல்லாம் சரி என்று நினைத்தேன். நீர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுத்த கடிதக்கட்டை அவிழ்த்தீர். அப்போதும் சீலைத் தூக்கி, குத்தாமல் கீழே வைத்தீர்.

அதைக் கண்டபிறகுதான், உம்மைத் தின்றது அந்த ஒரு கடிதமல்ல, நாளும் குத்துகிற அந்தச் சீல்தான் என்று என் மரமண்டைக்கு ஏறியது. உம்மிடம் வந்து நின்றேன்.

“எழும்பும். இண்டைக்கு நான் குத்திறன்.”

நீர் எழும்பினீர். முன்யன்னலுக்குப் போய் முத்திரை விற்றீர். அன்றிலிருந்து ஒருநாள் நீர், ஒருநாள் நான். நானும் குத்திப் பார்த்தேன். மூன்றாம் நாளே எனக்கும் சோறு இறங்கவில்லை.

இப்போது வேலையிடத்தில் யாராவது சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருந்தால், அவர் வாய் திறக்குமுன் பக்கத்தில் போய் நிற்கிறேன். நல்லவள் என்கிறார்கள். நீர் கேட்ட அந்த ஒருநாளைத்தான் நான் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.