அரிசி டப்பாவில் இரண்டு கண்ணாடிகள்

காலையிலிருந்து வீடெல்லாம் டேப் பிசின் வாசனை. நம் மகள் கயல் வாசலில் உட்கார்ந்து, உங்கள் பைக்கின் ஹெட்லைட் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். போன வாரம்தான் உங்கள் பழைய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். வண்டியை விலை பேசி முடித்துவிட்டேன். வாங்குகிறவர் இன்று குத்தாலத்திலிருந்து வருகிறார். அது தெரிந்தும் ஒட்டுகிறாள். உங்கள் பிடிவாதம் அப்படியே இறங்கியிருக்கிறது, வேறென்ன சொல்ல.

சிங்கப்பூர் வேலையை விட்டு வந்து, நிலத்தைக் கையில் எடுத்த கையோடு இந்த வண்டியையும் வாங்கினீர்கள். வயலுக்குப் போய்வரத்தான் என்று நினைத்தேன். சென்னைப் பக்கம் ரேஸ் ட்ராக் இருக்கிறது, காசு கட்டினால் நம் வண்டியையே கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க ஓட்டலாம், அது பந்தயம் இல்லை, எதிரே பஸ் வராது, மாடு வராது என்றீர்கள். அறுவடை நேரத்தில் இது ஒன்றுதான் குறைச்சல் என்றேன். உங்களுக்கா காதில் விழும்?

ஒரு வாரம் வாசலே பட்டறையானது. நம்பர் பிளேட், இண்டிகேட்டர் எல்லாம் கழன்றன. விழுந்தால் சில்லு சிதறாமலிருக்க ஹெட்லைட் மேல் டேப் ஒட்டினீர்கள். ரேடியேட்டரில் இருந்த கூலன்ட்டை வடித்துவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றினீர்கள். ட்ராக்கில் கூலன்ட் ஒழுகினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான் என்றீர்கள். ரேடியேட்டர் இடுக்கெல்லாம் பதர். அதைத் தேய்த்து எடுக்க என் புது பல் பிரஷ்தான் கிடைத்தது உங்களுக்கு. ஆயில் போல்ட் அதிர்வில் கழன்றுவிடாமலிருக்க அதன் தலையில் துளை போட்டுக் கம்பி கோத்தீர்கள். நுனியை நான் பிடித்துக்கொள்ள, நீங்கள் குறடால் முறுக்கினீர்கள். திட்டிக்கொண்டேதான் பிடித்தேன்.

கடைசியாக வண்டியின் பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் கழற்றி என்னிடம் நீட்டினீர்கள். "இத நீ வச்சுக்க. திரும்பி வந்து வாங்கிக்கிறேன்."

துணியில் சுற்றி அரிசி டப்பாவில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து, கிரீஸ் கையை நீட்டினீர்கள். அதைக் கொடுத்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

முதல் தடவை நானும் கூட வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் எல்லாம் வளைவுக்கு வளைவு அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்கு வெட்டிப் போகிறார்கள். நீங்கள் மட்டும் சுற்றுக்குச் சுற்று இடது பக்கத்தை விட்டு நகரவே இல்லை. கற்றுக்கொடுக்கிற பையன் தலையைச் சொறிந்தான். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. நீடாமங்கலம் ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும். மீதிப் பாதியில் ஓட்டியே பழகிய மனுஷன் நீங்கள். வண்டியை ஓரம் கட்டியதும் வந்து சொன்னேன்.

"ஏங்க, இங்க யாரும் நெல்லு காயப்போடல. முழு ரோடும் உங்களுக்குத்தான்."

ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த தடவையும் கம்பி பிடித்தேன்.

ஒவ்வொரு முறை நீங்கள் கிளம்பும்போதும் வண்டியில்தான் உங்களுக்கு ஏதாவது ஆகும் என்று செத்துச் செத்துப் பிழைத்தேன். கடைசியில் சம்பா நடவு முடிந்த வாரம், ஃபேனுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அடுத்த தடவைக்காகக் கழற்றிக் கொடுத்த கண்ணாடிகள் டப்பாவிலேயே தங்கிவிட்டன. தினமும் அரிசி அளக்கும்போது கையில் தட்டுப்படும். உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வரும்.

லைசென்ஸ்தான் இருக்கிறதே, இந்த ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் ஒரு தடவை ஓட்டிப்பார்க்கிறேன், அப்புறம் விற்றுக்கொள் என்று கயல் கெஞ்சினாள். முடியாது என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டேன். எனக்கு மிச்சம் இருப்பது இந்த ஒரு பிள்ளை. அவளையும் அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

சமையலுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில் படுத்து, போல்ட்டில் தனியாகக் கம்பி கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் குறடு, ஒரு கையால் கம்பி, நழுவிக்கொண்டே இருந்தது. யார் சொல்லிக்கொடுத்தார்களோ, உங்களைப் போலவே நாக்கைத் துருத்திக்கொண்டு முறுக்குகிறாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

குத்தாலத்துக்காரர் சொன்னபடி வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணாடிகள் எங்கே என்றார். உள்ளே போய் டப்பாவைத் திறந்து அரிசிக்குள் கையை விட்டேன். துணியோடு கையில் வந்தன. அப்படியே திரும்ப வைத்து மூடினேன். வந்த மனிதருக்குக் காபி கொடுத்து, மன்னித்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் போனார், பாவம்.

கயல் எழுந்து நின்றாள். என்னை நம்ப முடியாமல் பார்த்தாள்.

"அங்க யாரும் நெல்லு காயப்போடல பாப்பா. முழு ரோடும் உனக்குத்தான். ஓட்டிட்டு வந்து எங்கிட்ட கண்ணாடிய வாங்கிக்க."

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். புடவையெல்லாம் கிரீஸ். நீங்கள் கேட்க வராத கண்ணாடிகள்தான் அவை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வந்து கையை நீட்டுகிறவரை எனக்குச் சோறு இறங்காது.