செவ்வாய்க்கிழமை சிஸ்டர்

பாலோ, ஜொகூர்
செவ்வாய் மாலை

அன்பு மகள் ஷாமளாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அங்கே குளிர் குறைந்ததா? இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத முடியவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீயும் நானும் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வரும். அதனால் இதை எழுதி, பக்கத்து வீட்டு ஷர்மினியிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன். முடிக்கும்வரை கோபப்படாதே.

அம்மாவின் வலது கால் பெருவிரலில் புண். மூன்று வாரமாகிறது. நேற்றிலிருந்து ஓரம் கறுத்திருக்கிறது. வலிக்கவில்லை என்கிறாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

குற்றம் என்னுடையது. கிளினிக்கில் ரத்தம் எடுக்கும் தேதி வந்தால், மூன்று நாளைக்கு முன்பே அவளுக்குச் சோற்றை நிறுத்திப் பாகற்காய்ச் சாறு கொடுத்துவிடுவேன். சர்க்கரை நல்லபடியாக வரும். பரீட்சையில் பாஸானது போல அன்றே இருவரும் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிடுவோம். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. கால் மரத்துப் போகிறது என்று சொன்னபோது, அந்த நல்ல எண்களைப் பார்த்து, நிபுணரிடம் காட்ட எட்டு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். நிபுணர் ஒருவர்தான், காத்திருக்கிறவர்களோ ஏராளம்.

அந்தக் குறையைப் போக்க இப்போது செவ்வாய்தோறும் கிளினிக்குக்குப் பிரேமளா என்று ஒரு சிஸ்டர் வருகிறார். சர்க்கரையும் புண்ணும் பார்க்கத் தனியாக மேல்படிப்புப் படித்த தாதி. அவரே பார்த்து, அவசரமென்றால் நேராக ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். போன வாரம் ரத்தம் எடுத்துவிட்டு அவரிடம் அனுப்பினார்கள். முப்பது வருடம் ரயில்வேயில் கையெழுத்துப் போட்ட திமிர் எனக்கு. நர்ஸ் மிஸ்ஸியிடம் காட்ட வரவில்லை, டாக்டரைப் பார்க்கத்தான் வந்தோம் என்று சொல்லி அம்மாவைக் கூட்டி வந்துவிட்டேன். நீ இதே படிப்பில் சேர்ந்தபோது, முழு டாக்டரும் இல்லை, முழு மிஸ்ஸியும் இல்லை என்று சிரித்தவன்தானே நான்.

விரல் கறுத்ததும் இன்று அவரிடமே போய் நின்றேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. அம்மாவின் பாதத்தை மெல்லிய நைலான் இழையால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். ஆறு இடத்தில் அவளுக்குத் தெரியவில்லை. போன வார ரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் பார்த்திருக்கிறார்கள். என் பாகற்காய் வித்தையின் சாயம் வெளுத்துவிட்டது.

"அங்கிள், என் மேல கோபம்னா அப்புறம் திட்டுங்க. நாளைக்குக் காலையிலயே ஆன்ட்டிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. நான் பேசிட்டேன், பெட் வச்சிருக்காங்க. லேட்டானா விரலோட நிக்காது" என்றார்.

அம்மா மாட்டேன் என்கிறாள். இரண்டு வீடு தள்ளியிருக்கும் ராசம்மா இப்படிப் போய்க் காலில்லாமல் திரும்பியதைப் பார்த்தவள். கெஞ்சினேன், அதட்டினேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "என்ர பிள்ளை சொல்லட்டும், போறன்."

துணிமணி எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த தெருக் குணாளன் காலை ஏழு மணிக்குக் காரோடு வருகிறான்.

இதைப் படித்ததும் அம்மாவைக் கூப்பிடு. மகளாகப் பேசினால் இருவரும் அழுவீர்கள். உன் வார்டில் நோயாளியிடம் பேசுவது போலப் பேசு. பிறகு போனை என்னிடம் தரச் சொல். நான் என்ன செய்ய வேண்டுமோ சொல், எதிர்த்துப் பேச மாட்டேன்.

உன் படிப்பு உனக்கும் உன்னிடம் வருகிறவர்களுக்கும் துணையாக இருக்கட்டும். நீ சேர்ந்த அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும், பிள்ளை.

உன் அப்பா,
கனகசபை