பின் அடித்த நான்கு பக்கங்கள்

கூடப்பிறந்த சண்டைக்காரனே, என் அண்ணா,

டங்கன் திரும்பி வந்துவிட்டான். பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்துப் படித்தோமே, அதே கறுப்புத்தொப்பி டங்கன்தான். இப்போது கெட்டி அட்டை, வழுவழுத்த தாள், முழுக்க முழுக்கக் கலர். தொப்பிக்குக் கரும்பச்சை அடித்து வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே கறுப்பு இருக்கிறதே, அதைக்கூடவா ஒருவரும் பார்க்கவில்லை?

நீ இல்லாத இந்த எட்டு வருடத்தில் சித்திரக்கதை உலகத்தில் என்னென்னவோ நடந்துவிட்டது. டங்கனைத் தமிழாக்கிய அந்தத் தமிழ்நாட்டுப் பதிப்பகம் இடையில் சில வருடம் மூச்சே காட்டவில்லை. இழுத்து மூடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். இப்போது மாதா மாதம் புத்தகம் போடுகிறார்கள். ஒரே கதைக்கு இரண்டு அட்டை போடுகிறார்கள், இரண்டையும் வாங்குகிற பைத்தியங்களும் இருக்கிறார்கள். நாம் சோற்றுக் கையோடு புரட்டிய பழைய சாணித்தாள் பிரதிகளுக்கு இணையத்தில் அடிபிடி.

வசனங்களையும் திருத்திவிட்டார்கள். "அடேய் பேமானிகளே" என்று பாய்ந்த டங்கன் இப்போது "கயவர்களே, நில்லுங்கள்" என்கிறான், வகுப்புக்குள் நுழைகிற வாத்தியார் மாதிரி. கையால் எழுதிய எழுத்தும் போய்விட்டது. கோபம் வந்தால் எழுத்து கோணிக்கொண்டு பெருக்கும், நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் எழுத்துக்குக் கோபம் வருவதே இல்லை.

புதிதாக வருகிற நாயகர்களைப் பற்றிக் கேட்காதே. எல்லாருக்கும் ஒரு சோகம். ஒருத்தன் குடிக்கிறான், ஒருத்தன் சுட்டுவிட்டு நான்கு பக்கத்துக்கு யோசிக்கிறான். இவ்வளவு காலம் யுத்தத்தைக் கண்டு அலுத்தவளுக்கு இதுதான் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. எட்டுப் பேரை ஒற்றைக் கையால் அடித்துவிட்டு, தூசியைத் தட்டிக்கொண்டு போகிறவன்தான் எனக்கு வேண்டும். கந்தோர் வேலை முடிந்து வந்து காலை நீட்டும்போது எனக்கும் சேர்த்து யோசிக்க ஒருவன் தேவையில்லை.

இதெல்லாம் சுற்றிவளைப்பு. சொல்ல வந்தது வேறு.

நம் சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனால் இதை அச்சில் வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. புத்தகம் முதலில் யார் கைக்கு வருகிறதோ அவர் கடைசி நான்கு பக்கத்தையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிட வேண்டும். மீதியைப் படிக்கலாம். மற்றவரும் படித்து முடித்த பிறகு இருவரும் பக்கத்தில் இருந்து பின்னைக் கழற்றி முடிவைப் படிக்க வேண்டும். முடிவைத் தனியே படிக்கிறவன் மனிதனே இல்லை என்பது நீ போட்ட தீர்ப்பு. எனக்குப் பத்து வயது, உனக்குப் பன்னிரண்டு. நான் குருக்கள்மடத்துக்குக் கலியாணம் முடித்துப் போன பிறகும் அந்தச் சட்டம் மாறவில்லை.

ஒருமுறை கல்லடிப் பாலத்துச் சோதனைச்சாவடியில் உன்னை மறித்த ஆமிக்காரன், பின் அடித்த பக்கங்களுக்குள் எதையோ ஒளித்திருக்கிறாய் என்று சந்தேகப்பட்டான். "இதுக்குள்ள என்ன?" என்று அரைத் தமிழில் கேட்டானாம். "முடிவு, ஐயா" என்றாயாம். அவன் பின்னைப் பிடுங்கி நான்கு பக்கத்தையும் நிதானமாகப் பார்த்து, சிரித்து, திருப்பித் தந்தான். வீட்டுக்கு வந்து நீ குதித்த குதி! "தமிழ் எழுத்து ஒண்டும் தெரியாதவன் நமக்கு முதல் முடிவப் பாத்திட்டான் புள்ள!" அவன் தோளில் கிடந்த துவக்கைக் கண்டு பயந்ததாக நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பிறகு 'சாம்பல் பள்ளத்தாக்கு' வந்தது. முதல் பாகம் டங்கனின் கழுத்தில் சுருக்கு விழுவதோடு நின்றது. பின்னால் கத்தி பிடித்த ஒரு கை. கயிற்றை அறுக்க வருகிற கையா, முதுகில் குத்த வருகிற கையா? வில்லனின் மகள் என்றாய் நீ. பழைய கூட்டாளி என்றேன் நான். ஒரு வருடத்துக்கு மேல் அந்தக் கையைப் பற்றியே பேசினோம்.

இரண்டாம் பாகம் அந்த டிசம்பரில் என் கைக்குத்தான் வந்தது. புளியந்தீவில் புத்தகக் கடை வைத்திருக்கும் ஏறாவூர் முஸ்லிம் அண்ணர், நம் காக்கா, எடுத்து வைத்துத் தந்தார். வழமைபோலப் பின் அடித்தேன். ஆனால் உனக்குச் சொல்லவில்லை. என் தீபாவளி மலரை என்னிடம் கேட்காமல் உன் கூட்டாளிக்குத் தூக்கிக் கொடுத்தாயே, அந்தக் கோபம். ஏழு நாள், ஒரு முழுக் கிழமை தவிக்கட்டும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் நீ ரெலிபோன் எடுத்தாய்.

"என்ன புள்ள, ரெண்டாம் பாகம் வந்திட்டா?"

"இன்னும் வரல்ல."

"உண்மையா?"

"வந்தாச் சொல்லமாட்டனா? ஜனவரியாகுமாம்."

நீ சிரித்தாய். "சரி புள்ள. வந்தா பின் அடிச்சு வை" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுநாள் காலையில், கல்லடியில் நீ வாடகைக்கு இருந்த அறையைக் கடல் கொண்டுபோனது. மூன்றாம் நாள் உன்னைக் கண்டெடுத்தார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

அந்தப் புத்தகத்தை அலுமாரியின் அடியில் வைத்தேன். பிறகு திரும்பவும் பீரங்கிச் செல்லடி தொடங்கியது. படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு வாவியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது. எங்கள் வீட்டிலேயே மூன்று குடும்பம் இருந்தது. அப்புறம் யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். பாதைக்குத் தாரால் காபெட் போட்டார்கள், சாவடிகளைக் கழற்றினார்கள். நான் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. நீ படிக்காத முடிவை நான் எந்த முகத்தோடு படிப்பேன்? ஒரு பொய்யைச் சொல்லி, உன்னை முடிவு தெரியாமலே அனுப்பிவிட்டேன். எட்டு வருடமாக இதை அம்மாவுக்கும் சொன்னதில்லை, என் மனுசனுக்கும் சொன்னதில்லை.

போன மாதம் இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிய கலர்ப் பதிப்பு வந்திருப்பதாகக் காக்கா ஆள் அனுப்பினார். போனேன். அவருக்கும் வயதாகிவிட்டது. புத்தகத்தைத் தாளில் சுற்றிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னார்:

"இதுர ரெண்டாம் பாகத்துக்குத்தான் உங்கட அண்ணன் அண்டைக்கு ஓடி வந்தவர், தங்கச்சி. அந்தச் சனிக்கிழமை பகல். 'உங்கட தங்கச்சி கொண்டுபோயிட்டாவே' எண்டு நான் சொன்னன். அதக் கேட்டு மறுகா ஒரே சிரிப்பு. 'எனக்குச் சொல்லல்ல காக்கா, கோவத்தில இருக்கா. எவ்வளவு நாளைக்குப் பொய் சொல்றா எண்டு பாப்பம்' எண்டு சொல்லிட்டுப் போனவர்."

கடைக்கு வெளியே வந்து எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் ரெலிபோன் எடுத்திருக்கிறாய். "உண்மையா?" என்று கேட்டு, நான் இன்னொரு பொய் சேர்க்கும்வரை காத்திருந்து சிரித்திருக்கிறாய். பாவி! எட்டு வருடம் நான் பட்ட பாட்டுக்கு உன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டு வீடுவரை அழுதேன்.

வந்ததும் பழைய பிரதியை எடுத்தேன். பின்கள் துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தன. சவரபிளேடால் மெல்லக் கிளப்பினேன், ஒரு மூலை கிழிந்தது. வாசித்தேன்.

அண்ணா, முடிவு படு மோசம்.

அந்தக் கை வில்லனின் மகளுடையதும் இல்லை, கூட்டாளியுடையதும் இல்லை. ஷெரீப்பின் இரட்டைச் சகோதரனாம்! அதுவரை ஒரு கட்டத்திலாவது தலை காட்டியிருக்கிறானா? இல்லை. கயிற்றை அறுத்துவிட்டு, "எனக்கு நேரமாகிறது" என்று குதிரையேறிப் போய்விடுகிறான். ஒரு வருடம் மண்டையை உடைத்தோமே, இதற்கா? கலர்ப் பதிப்பையும் பிரித்துப் பார்த்தேன். அதே சகோதரன், சட்டைக்கு மட்டும் ஊதா.

நீ இருந்திருந்தால் ஒரு மாதத்துக்குத் திட்டியிருப்பாய். ஆசிரியருக்கு ஆறு பக்கம் எழுதியிருப்பாய். நான் அந்த இரட்டைச் சகோதரன் பக்கம் நின்று வேண்டுமென்றே வாதாடியிருப்பேன், நீ ரெலிபோனை அடித்து வைத்திருப்பாய், அரை மணியில் திரும்ப எடுத்திருப்பாய். அதைத்தான் நான் இழந்திருக்கிறேன் என்று இப்போதுதான் விளங்குகிறது. இந்த முடிவைப் பற்றிச் சண்டை பிடிக்க எனக்கு ஒருவரும் இல்லை. மிகவும் களைத்துப்போய் இருக்கிறேன் அண்ணா.

அம்மாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் சிரிச்சதாமோ?" என்று கேட்டார். "ஓம் அம்மா" என்றேன். திரும்பவும் கேட்டார். திரும்பவும் சொன்னேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எவ்வளவு கோபம் இருந்தாலும், யார் கேட்டாலும், வந்த புத்தகத்தை வந்தது என்றே சொல்வேன்.

உன்னிடம் பொய் சொல்லி, அன்றே பிடிபட்ட
உன் தங்கச்சி