மெஷின் மூடியின் மேல் வைத்த கத்தி

அன்புள்ள ஞானக்காவுக்கு,

பழக்க தோஷம், அன்புள்ள என்று எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

முதலில் வீட்டுச் சேதி. நம் வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது. "சுவத்துக்குள்ள நெருப்பை உட்டுக்கினு எவ தூங்குவா?" என்று வீட்டுக்காரரை நீ எத்தனை முறை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாய்! யுத்தம் வந்ததிலிருந்து மண்ணெண்ணெய்க்கு ரேஷன். என்னால் கியூவில் நிற்க முடியவில்லை. நீ போன மறுவாரமே அவரைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது கூடத்தில் ஒரு பல்பு தொங்குகிறது. நீலசந்திராவில் நம் வரிசையில் நாம்தான் கடைசி.

அரிக்கேன் விளக்குகளைத் துடைத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். சாயங்காலமானால் சாம்பலும் கந்தல் துணியுமாக உட்கார்ந்து சிம்னி துடைக்கிற வேலை இனி இல்லை. நீ திரி வெட்டுவதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து அந்த மடக்குக் கத்தியை எடுப்பாய், நகத்தால் நெம்பித் திறப்பாய், கருகின விளிம்பை ஒரே இழுப்பில் நேராக அறுத்துவிட்டு இரண்டு மூலையையும் லேசாகக் கிள்ளிவிடுவாய். மூலையை விட்டுவிட்டால் சுடர் கொம்பு முளைத்துக் கண்ணாடியைக் கறுப்பாக்கிவிடும் என்பாய். பக்கத்து வீட்டு ருக்கம்மாகூட அவள் விளக்கை உன்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவாள்.

கொம்புப் பிடி போட்ட கத்தி. பித்தளை ஆணி மூன்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பென்சில் சீவினது அதுதான், வீட்டில் மாங்காய் அரிந்ததும் அதுதான். ஆம்பளைகள் பையில் வைத்துக்கொள்கிற சாமானை ஒரு டீச்சர் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறாளே என்று மாதா கோயிலில் சிரித்தார்கள், நீ சட்டை செய்யவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒருநாள் கேட்டேன்: "எனக்கும் ஒண்ணு வாங்கித் தாயேன்க்கா."

"ஊட்டுக்கு ஒண்ணு போதாதா? நீ கையை அறுத்துக்குவே" என்றாய்.

கத்தரிக்கோலிலேயே பிழைப்பு நடத்துகிறவள் நான். கண்டோன்மென்ட் துரைசானிகளுக்கெல்லாம் கவுன் தைத்துக் கொடுக்கிறவள். நான் கையை அறுத்துக்கொள்வேனாம்! அதையும் நம்பினேன். கமர்ஷியல் தெருவில் வாங்கினேன் என்றாயே, அதையும் நம்பினேன்.

சவரிமுத்துவை நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்பது வீண். உனக்கு மறந்திருக்காது. என் தையல் மெஷினுக்கும் நம் பம்பு ஸ்டவ்வுக்கும் வைத்தியம் பார்க்க வந்தவர். அந்த ஸ்டவ் வந்த புதிதில் நாம் இரண்டு பேரும் பட்ட பாடு! நீ பம்பு அடிப்பாய், நான் தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். ஒருநாள் எவ்வளவு அடித்தும் காற்றே ஏறவில்லை. அவர் வந்து பம்பைக் கழற்றி, "தோலு காஞ்சிபூட்டுது, அவ்ளோதான்" என்றார். பிய்ந்த பூட்ஸ் ஒன்றை எடுத்து, பையிலிருந்த மடக்குக் கத்தியால் ஒரு வட்டம் வெட்டினார். தேங்காயெண்ணெயில் ஊறவைத்து மாட்டினார். ஸ்டவ் புஸ்ஸென்று சீறிக்கொண்டு எரிந்தது. இந்த மாதிரி ஒரு கத்தி என்னிடம் இருந்தால் மெஷின் வாரைக்கூட நானே சரி பண்ணிக்கொள்வேன், கடையில் போய்க் கேட்டால் சிரிப்பார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு மெஷின் கெடாமலே பார்க்க வந்தார். எனக்குத் தெரிந்துதான் இருந்தது. நானும் வந்த அன்றைக்கெல்லாம் காபியில் சர்க்கரையைக் கொஞ்சம் கூடவே போட்டேன். திடீரென்று வருவது நின்றது. "தங்கவயலுக்கு வேலைக்குப் பூட்டாராம். கல்யாணமும் ஆயிடுச்சாம்" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் மாவு சலித்துக்கொண்டே சொன்னாய். அன்றைக்கு ஒரு குழந்தைக் கவுனுக்கு வலது கையை இடப்பக்கமும் இடது கையை வலப்பக்கமும் வைத்துத் தைத்துவிட்டேன். தையலைப் பிரித்துக் கொடுத்தது நீதான். எதை வைத்துப் பிரித்தாய், சொல்லேன்?

போன வாரம் அவர் வந்தார், அக்கா.

துக்கம் கேட்க, மனைவியோடு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவள் பெயர் அருளம்மா. நல்ல மாதிரி. வந்ததும் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு அவளாகவே சமையலறைக்குப் போய் எனக்கு ஒரு வாய் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். கூடத்தில் ருக்கம்மாவும், உன்னோடு வேலை பார்த்த டீச்சர்மார்களும், கோயில் ஆட்களும் இருந்தார்கள். எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். "பிளேக்குல அம்மா அப்பா போனப்போ இது தவழற கொழந்தை. தங்கச்சிக்கோசரம் தன் கல்யாணத்தையே வாணாம்னுட்டா மகராசி." எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற பாட்டுதானே. தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கண் மெஷின் பக்கம் போனது. உன் சாமான்களை அங்கேதான் வைத்திருந்தேன். கத்தியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அடடே, இன்னும் இருக்குதா இது? பார்த்தியா அருளு, நான் சொல்லலே? இதான் அந்தக் கத்தி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தக் கத்தி என்று கேட்டேன்.

"உங்களுக்குன்னு வாங்கியாந்தேனே, லூர்தம்மா. கத்தியைக் கைக்குக் கை குடுத்தா ஒறவு அந்து பூடும்னு எங்கம்மா சொல்லும். அதான் இந்த மெஷின் மூடி மேல வெச்சேன். நீங்க உள்ள காபி போட்டுக்கினு இருந்தீங்க. டீச்சர்கிட்ட சொல்லிட்டுத்தான் வெச்சேன். 'இது உங்க தங்கச்சிக்கு. அவங்க எடுத்துக்கினா பொண்ணு கேக்க எங்கம்மாவை அனுப்பறேன், இஸ்டமில்லேன்னா நீங்களே வெச்சுக்கங்க'ன்னேன். அடுத்த வாரம் வந்து பார்த்தா டீச்சர் இதால பென்சில் சீவிக்கினு குந்தியிருக்காங்க. சரி, பதில் வந்துடுச்சுன்னு கெளம்பிட்டேன்." அதோடு விடாமல் இன்னும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதுல ஒண்ணும் தப்பில்லேம்மா. ஸ்டவ் ரிப்பேர்காரனுக்கு டீச்சர் தங்கச்சி எங்கயிருந்து சம்மதிக்கும்? அதுக்கு மூணு வருசம் பொறவுதான் இவளைக் கட்டினேன்."

மூன்று வருஷம் கழித்து, அக்கா. கல்யாணம் ஆகிவிட்டதாம் என்று நீ சொன்ன நாளில் அந்த மனுஷனுக்குப் பெண்ணே பார்க்கவில்லை.

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். வாயைத் திறந்தால் நீ மகராசி இல்லை என்று ஆகிவிடும், மண் இன்னும் காயாத உன் கல்லறையை நானே தோண்டினாற்போல் ஆகிவிடும். "அப்போ எனக்கு என்ன தெரியும், சின்ன வயசு" என்றேன். நானும் சிரித்தேன். உனக்காக ஒரு பொய் சொன்னேன். அவர் கத்தியை மறுபடி மூடியின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன், நீ பதில் பேசமாட்டேன் என்கிறாய். தனியாகிவிடுவோம் என்று பயந்தாயா? அதைச் சொல்லியிருந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டே தங்கவயலுக்குப் போயிருப்பேனே. இல்லை, உனக்கே அவர் மேல் மனசு இருந்ததா? அப்படியென்றால் அதையும் சொல்லியிருக்கலாமே. எதுவுமே இல்லாமல், லூர்து ஒரு குழந்தை, அவளைக் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டாயா? எனக்கு இதுதான் தாங்கவில்லை.

எடுத்தாய், சரி. ஒளித்து வைத்திருக்கலாம். வீதியில் எறிந்திருக்கலாம். என் கண் முன்னாலேயே இருபது வருஷத்துக்கு மேல் அதால் மாங்காய் அரிந்து, துண்டுக்கு உப்புத் தடவி என் வாயில் ஊட்டினாயே, எப்படியக்கா முடிந்தது? நீ என்னை வளர்த்தது பொய்யில்லை. எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது தலைமாட்டை விட்டு நகராமல் கிடந்ததும் பொய்யில்லை. ஆனால் எனக்குச் செய்ததும் துரோகம்தான். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வாழ்க்கை போனது போகட்டும். அவருக்கு இரண்டு பெண்கள், பேரன் வேறு பிறந்திருக்கிறானாம். நான் தைத்துத்தான் பிழைத்தேன், பிழைத்துவிட்டேன். ஆனால் அந்த மனுஷன் இத்தனை வருஷமாக, கையில் கிரீஸ் பட்டவன் என்று நான் அவரை மட்டமாக நினைத்தேன் என்றே நம்பிக்கொண்டிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அருளம்மா மட்டும் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உன் முப்பதாம் நாள் பூசைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அவர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். பூசை முடிந்ததும், அத்தனை பேர் நடுவில் இல்லை, அவர்கள் இருவரிடம் மட்டும் சொல்லப் போகிறேன்: "அந்தக் கத்தி எனக்கு வந்தது என்றே எனக்குத் தெரியாது. நான் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை." உன் பெயர் அவர்களிடம் கெடும். கெடட்டும். உன் ஆத்துமத்துக்காக முழந்தாள் போட்டு மன்றாடிவிட்டு எழுந்து வந்துதான் சொல்லுவேன், சத்தியமாகச் சொல்லுவேன்.

கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லமாட்டேன். அருளம்மா நல்லவள். அதை உன்னிடம்தான் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். சரி என்றிருப்பேன், அக்கா.

நீ கேட்காமலே விட்ட உன் கூடப்பிறந்தவள்,
லூர்து