மேற்கே சாய்ந்த குச்சி

முதலமடை
12-10-1977

நல்லமுத்துவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உங்கய்யனும் உயிரோடு இருக்கிறோம். நீ நன்றாக இருப்பது நோட்டீசில் உன் போட்டோவைப் பார்த்தே தெரிந்துவிட்டது, கன்னம் உப்பி, கழுத்தில் டை கட்டி நிற்கிறாய், அதனால் சுகமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கவில்லை. எப்போதும் அன்புள்ள என்று தொடங்குகிறவள்தான், இந்தத் தடவை அந்தச் சொல் எழுத வரமாட்டேன் என்கிறது. இன்லண்ட் தாளில் என் கோபம் அடங்காது, அதனால் உன் தங்கை பூமாரி விட்டுப்போன பள்ளிக்கூட நோட்டில் தாள் கிழித்து எழுதிக் கவரில் போடுகிறேன். ஒரு தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே, கடைசித் தாளில்தான் உனக்கு வேலை இருக்கிறது.

எந்த நோட்டீஸ் என்று நீ கேட்கமாட்டாய், ஆனாலும் சொல்கிறேன். நம் தோப்பு மாங்காயை வருஷா வருஷம் எடுக்கிற மம்மது ராவுத்தர், கொல்லங்கோட்டில் கடை வைத்திருக்கிறாரே, அவருக்குத் தீபாவளிச் சரக்கு எடுக்கச் சொல்லி பம்பாயிலிருந்து உன் கம்பெனி ஒரு நோட்டீசும் சாம்பிளுக்கு ஒரு பெட்டியும் அனுப்பியிருக்கிறது. அவர் முந்தாநாள் இரண்டையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, ஏனுங்க அம்மணி, இது நம்ம பையந்தானுங்களே, பெரிய ஆளாயிட்டானுங்களே என்று வாயெல்லாம் பல்லாகக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பெட்டியைத் திறக்கும்வரை. உள்ளே காகிதக் குழல், மேலே களிமண் அடைப்பு, சுற்றிலும் இறக்கையை மடக்கி நூலால் கட்டிய மூன்று சின்னப் பருந்து. என் வாணம். என் கையையே யாரோ வெட்டிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பியது போல இருந்தது எனக்கு. நோட்டீசில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன், ராவுத்தர் தட்டுத்தடுமாறி இங்கிலீஷைப் படித்துச் சொன்னார். சிறு வயதில் வானத்தில் பருந்துகள் வட்டமிடுவதைப் பார்த்தபோது எனக்கு இந்த யோசனை உதித்தது என்று நீ சொன்னதாகப் போட்டிருக்கிறது. சிறு வயதில் நீ வானத்தைப் பார்த்து எனக்கு ஞாபகமில்லை, சோற்றுப் பானையைத்தான் பார்ப்பாய்.

உனக்கு மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நம் தோப்பில் கிளி விழுந்து பிஞ்சையெல்லாம் கொத்திப் போட்ட வருஷம், தகரம் தட்டித் தட்டி என் தோள்பட்டை கழன்றது. பருந்து ஒன்று மேலே சுற்றினால் கிளிக்கூட்டம் மூச்சுக் காட்டாமல் அடங்குவதை நான்தான் பார்த்தேன். நெட்டியில் பருந்து செதுக்கி, பட்டத்தாள் ஒட்டி, விளக்குக் கரி பூசி, மரத்தில் ஏறி வீசினேன், பொத்தென்று விழுந்தது. உயரம் வேண்டும் என்று தெரிந்தது. கல்யாணத்துக்கு முன்னால் வேலைத் திருவிழாவுக்கு வெடி கட்டுகிற ஓலைப்புரையில் ஆறு வருஷம் குழல் சுருட்டியவள் நான், கோவில் திருவிழாவில் நீ வாய் பிளந்து பார்க்கிற வாணமெல்லாம் என் மாதிரிப் பெண்கள் சுருட்டியதுதான். முதலில் செய்ததில் பருந்துகள் எரிந்து சாம்பலாக வந்தன. புற்றுமண்ணை அரைத்து அடைப்பு வைத்தேன், எரியவில்லை, ஆனால் நூல் அறாமல் வாணத்தோடு சேர்ந்து விழுந்தன. அடைப்பில் ஈர்க்குச்சி கனத்துக்கு ஓட்டை விட்டுத் திரியை நூல்வரைக்கும் இழுத்தேன், உச்சிக்குப் போனதும் நூல் எரிந்து அறுந்தது, இறக்கைகள் மூங்கில் சிம்பு விறைப்பில் தானாக விரிந்தன. நேராக மிதந்து பக்கத்துத் தோப்புக்குப் போய்விட்டன. ஒரு பக்கத்து இறக்கையை நகக்கண் அளவு நீளமாக வைத்தேன், அப்புறம்தான் நம் மரங்களுக்கு மேலேயே வட்டமடித்து இறங்கின. இதற்கு இரண்டு மாங்காய்க் காலம் ஆனது. அந்த இரண்டு காலமும் நீ பொள்ளாச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், பொங்கல் லீவுக்கு வந்து நோட்டில் படம் வரைந்துகொண்டு போனாய். காலேஜில் காட்டப்போகிறாய் என்று நினைத்து, வெயிலில் நிற்காதே என்று உனக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன்.

போன வருஷம் நீ எழுதிய கடிதத்தை நேற்று எடுத்துத் திரும்பப் படித்தேன். அம்மா, புற்றுமண்ணோடு என்ன சேர்ப்பாய், எத்தனை நாள் நிழலில் உலர்த்துவாய், சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று கேட்டிருக்கிறாய். பையனுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று உங்கய்யனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், நான்கு பக்கம் பதில் எழுதினேன். நான் எழுதியதிலேயே சந்தோஷமாக எழுதிய கடிதம் அதுதான். எடுத்துக்கொள்கிறேன் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன், பூமாரிக்குச் செய்ததில் பாதிகூட உனக்குச் செய்யவில்லையே என்று நானே மூட்டை கட்டிக் கொடுத்திருப்பேன். பெற்றவள் தலையிலேயே மிளகாய் அரைக்க எங்கே கற்றுக்கொண்டாய்?

இவ்வளவோடு இருந்திருந்தால் நாலு நாள் அழுதுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். உங்கய்யனும் அதைத்தான் சொன்னார், உடு புள்ள, நம்ம பையன்தானே, ஊட்டுப் பொருள் ஊட்டுக்குள்ளதான இருக்குது என்றார். ஆனால் ராவுத்தர் விட்டுக் காட்டச் சொன்னார். பெட்டியில் இருந்த மர நிலையை நோட்டீசில் சொன்னபடி சமதரையில் வாசலில் வைத்தேன். அதில் வாணத்தைத் தாங்குகிற குச்சி சாய்ந்து நிற்கிறது, ஆணி அடித்து, அசையாமல். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது, இருந்தாலும் பம்பாயில் படித்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருப்பார்கள் என்று ஒரு நிமிஷம் என் புத்தியை நானே நம்பாமல் பற்றவைத்தேன். காலை நேரம், மேல்காற்று நின்றுபோய் கீழ்காற்று இன்னும் பிறக்காத நாள், இலை அசையவில்லை. வாணம் நேரே மேலே போகவில்லை. சாய்ந்த வாக்கிலேயே கொஞ்சம் ஏறித் தலை கவிழ்ந்து, வேலியைத் தாண்டிப் போய், மாட்டுக் கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்த உங்கய்யன் தலைக்கு ஒரு சாண் தள்ளிக் கம்பத்தில் மோதி, எரிந்துகொண்டே அவர் தோளில் விழுந்தது. தலைத்துண்டு கருகியது, காது மடலில் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம். மாடு உதைத்து முழங்காலிலும் அடி. எண்ணெய் போட்டிருக்கிறேன், இரண்டு நாளாகக் காதைத் தொடவிடமாட்டேன் என்கிறார். பூமாரி நல்லேப்பிள்ளியில் புருஷன் வீட்டில் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்குத் தெரிந்தால் பதறுவாள் என்று, அடுப்பில் பட்டது என்று சொல்லச் சொன்னார். உனக்கும் எழுதக்கூடாது என்றார். அவர் பேச்சை மீறி எழுதுகிறேன்.

ஏன் அப்படிப் போனது என்று உனக்கு இன்னும் தெரிந்திருக்காது. வால் கட்டிய வாணம் காற்று வருகிற பக்கம் தலையைத் திருப்பும். தையிலும் மாசியிலும் நம் பக்கம் கணவாய்க்குள் புகுந்து கிழக்கேயிருந்து அடிக்கிற காற்று உனக்குத் தெரியும், காயப்போட்ட வேட்டியைக் கிழிக்கும். அதனால் குச்சியை மேற்கே சாய்த்து நடுவேன், காற்று அதன் தலையைக் கிழக்கே திருப்பும், இரண்டும் சரியாகி வாணம் நேரே ஏறும். நீ வந்ததெல்லாம் பொங்கலுக்கு. நீ பார்த்த நாளெல்லாம் குச்சி மேற்கே சாய்ந்துதான் நின்றது. சித்திரையில் காற்று ஓய்ந்த நாளில் நான் அதை நிமிர்த்தி நட்டதை நீ பார்த்ததே இல்லை. சாய்வும் வாணத்தின் ஒரு உறுப்பு என்று நினைத்து, உன் ஜாமெட்ரிப் பெட்டியிலிருந்து கோணமானியை எடுத்து அளந்து, பதினைந்து டிகிரி என்று நோட்டில் எழுதினாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, என்ன புத்திசாலிப் பிள்ளை என்று பார்த்துக்கொண்டு நின்றேன். குச்சியை அளந்த நீ, முகத்தில் அடித்த காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை திரும்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பிறந்தவன்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும், வேறு ஊர்க்காரனாக இருந்தால் ஏன் சாய்த்திருக்கிறாய் என்றாவது கேட்டிருப்பான். நீ திருடியதைக்கூட என்றைக்காவது பொறுத்துக்கொள்வேன், அரைகுறையாகத் திருடியதைப் பொறுக்க மாட்டேன்.

பம்பாயில் வீட்டுக்கு வீடு ஒட்டிக்கொண்டு இருக்கும், பால்கனியில் துணி தொங்கும் என்று நீதான் எழுதியிருக்கிறாய். அந்தச் சந்தில் காற்று ஏது? பிள்ளைகள் இந்த நிலையை எந்தத் திசை பார்த்து வைப்பார்கள் என்று நீ கண்டாயா? தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. ராவுத்தர் சரக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார், பொள்ளாச்சி வியாபாரிகளிடமும் சொல்லியிருக்கிறார், இந்தப் பக்கம் ஒரு பெட்டியும் விற்காது. மற்ற ஊர்களுக்கு நீதான் பொறுப்பு.

இனி செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நீ எடுக்காமல் விட்டது இது ஒன்றுதான், இதையும் நானே கொடுக்கிறேன். ஆணியைப் பிடுங்கு. குச்சியின் அடியில் கையால் திருகுகிற நட்டுப் போடு, நிமிரவும் சாயவும் வேண்டும். நுனியில் ஒரு சாண் நூல் கட்டு. நூல் தொங்கினால் குச்சி நெட்டுக்குத்தாக நிற்கவேண்டும். நூல் பறந்தால் பறக்கிற பக்கம் இரண்டு விரல் சாய்க்கலாம், அதற்குமேல் சாயாதபடி கட்டையால் தடுத்துவிடு. நூல் படபடவென்று அடித்தால் அன்றைக்குப் பற்றவைக்கவே கூடாது. வெட்டவெளியில் மட்டும், பெரியவர்கள் கையால் மட்டும், பற்றவைத்ததும் இருபது அடி தள்ளிப் போகவேண்டும். பின்பக்கம் படம் வரைந்திருக்கிறேன், கோணமானி வைத்து அளந்துகொண்டு உட்காராதே. போன பெட்டிகளைத் திரும்ப வரவழை. முதலாளி திட்டுவார், திட்டட்டும், வேலை போனால் போகட்டும், சாப்பாட்டுக்கு இங்கே குறைவில்லை. வீட்டுக்கு வருகிற தைரியம் உனக்கு இருந்தால்.

பெட்டிகளை நிறுத்திவிட்டேன் என்று எனக்குத் தந்தி கொடு. இன்றைக்கு எட்டாம் நாள்வரை பார்ப்பேன். வராவிட்டால் ராவுத்தரை வைத்து இங்கிலீஷில் உன் முதலாளிக்கு எழுதுவேன், வாணம் யாருடையது, தப்பு யாருடையது, இரண்டையும் எழுதுவேன். அம்மா அப்படிச் செய்யமாட்டாள் என்று எண்ணிக்கொண்டு சும்மா இருந்துவிடாதே, நீ செய்யமாட்டாய் என்று நானும்தான் எண்ணினேன். பெட்டி அட்டையில் உன் பெயரே இருக்கட்டும், எனக்கு அது வேண்டாம். ஒரு பிள்ளைக்குக் கண் போனால் அந்த வீட்டில் உன் பெயரைத்தான் சொல்லி அழுவார்கள், அதை மட்டும் என்னால் கேட்க முடியாது. வேறு ஒன்றும் இல்லை. அங்கே மழை விடவில்லை என்று ரேடியோவில் சொன்னார்கள், நனைந்தால் வெந்நீரில் குளி, இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

உன் பெட்டியை வாங்கிய வீட்டுப் பிள்ளைகளெல்லாம் இரண்டு கண்ணோடும் பத்து விரலோடும் நன்றாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனுக்கு விளக்கு வைத்து வேண்டிக்கொண்டேன். உனக்கு வேண்டிக்கொள்வது தந்தி வந்த பிறகு.

இப்படிக்கு,
அந்த வாணத்தைச் செய்தவள்,
உன் அம்மா பூவாத்தாள்