மூன்று கிழமை ஓய்வு

அண்ணை,

பாரிசுக்கு அருகே, பொண்டி ஊர் வீட்டில் உங்கள் அறையை இன்று ஒதுக்கினேன். அலுமாரியின் அடித்தட்டில், பழைய குளிர்ச்சட்டைகளுக்குக் கீழே, உங்கள் பேஸ்பால் கையுறை கிடந்தது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். தோல் மணத்தோடு, பழசாகிப்போன தேங்காய் எண்ணெய். கையுறைத் தோலுக்குப் பூசத் தனி எண்ணெய் இருக்கிறது என்று எத்தனை பேர் சொல்லியும் நீங்கள் அம்மாவின் போத்தலைத்தான் எடுப்பீர்கள். கட்டிலில் இருந்துவிட்டேன். பிறகு வேலை ஓடவில்லை.

நாங்கள் பாரிசுக்கு வந்தபோது உங்களுக்குப் பதினெட்டு, எனக்குப் பத்து. எங்களைக் கூப்பிட்டுவிட்ட அப்பா அடுத்த வருஷமே மாரடைப்பில் போய்விட்டார். அம்மா கந்தோர்கள் துடைக்கப் போனார். நீங்கள் லா ஷப்பல் தமிழ்க்கடைத் தெருவில் உணவகமொன்றில் கோப்பை கழுவினீர்கள். நான் பள்ளிக்கூடம் போனேன். அதனால் பிரெஞ்சு எனக்குத்தான் முதலில் வந்தது. கடிதம், விசா கொடுக்கும் பிரிபெக்ட்டூர் கந்தோர், வங்கி எல்லாவற்றுக்கும் வீட்டில் நான்தான் வாய்.

ஞாயிறுகளில் எங்கள் பெடியள் கிரிக்கெட் விளையாடும் திடலின் அடுத்த பக்கத்தில் வெள்ளைக்காரர் சிலர் பேஸ்பால் விளையாடுவார்கள். ஒருநாள் அவர்களுடைய பந்து நிலத்தோடு சீறிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது. நீங்கள் குனிந்து, வெறுங்கையால் அள்ளி, நிமிராமலே திருப்பி எறிந்தீர்கள். அங்கே நின்றவனின் கையுறைக்குள் அது போய் விழுந்தது. அவர்களின் பயிற்சியாளர், கடல் தாண்டிக் கெபெக் மாநிலத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரிய மனிதர், புல்லைக் கடந்து நடந்து வந்தார். அவர் கேட்டதை நான்தான் உங்களுக்குச் சொன்னேன்: வாற கிழமை வருவீங்களோ என்று.

போனீர்கள். ஓடுகிறவர்கள் கால் வைக்கும் தட்டுகளில் ஒன்றான இரண்டாம் பேஸுக்குப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். நிலத்தோடு வரும் பந்தை எடுப்பது, ஓடி வருகிறவன் சேர்வதற்கு முன் பேஸைத் தொடுவது, அவன் காலுக்குத் தப்பி அடுத்த ஆளுக்கு எறிவது: இவ்வளவுதான் உங்கள் வேலை. ஐந்து வருஷத்தில் பாரிசுக் கழகத்தில் உங்களைப்போல் அதைச் செய்ய ஆள் இல்லை. கெபெக்கில் சம்பளத்துக்கு விளையாடும் அணியொன்று உங்களை எடுக்கச் சம்மதித்தது. ஜூன் கடைசியில் விமானம். என் வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன்.

மே மாதம் ஒரு பந்து கல்லில் பட்டுக் கிளம்பி உங்கள் நெற்றிப்பொட்டில் அடித்தது. மயங்கி விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக்கு அம்மா வேலையிலிருந்து வந்துசேரவில்லை. நான் மட்டும் நின்றேன். பெரியவர்கள் யாருமில்லையா என்று பெண் டொக்டர் கேட்டார். இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்து மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். போன இலையுதிர் காலத்தில் தலையில் பட்ட அடியே இன்னும் ஆறவில்லை. இந்த வருஷம் முழுக்க விளையாடக் கூடாது. இன்னொரு அடி பட்டால் மூளை பழையபடி திரும்பாது.

கண் விழித்த நீங்கள், டொக்டரின் பிரெஞ்சு பிடிபடாமல், என் கையைப் பிடித்திருந்தீர்கள்.

"என்னவாம் சொல்லுறா? போகலாமாமோ?"

"ஓம் அண்ணை. மூண்டு கிழமை ஓய்வெடுத்தால் காணுமாம்."

உங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று கனகாலம் என்னையே நம்பவைத்தேன். பாதிதான் உண்மை. மற்றப் பாதி, வகுப்பில் முகம் காட்ட வேண்டுமே என்ற பயம். டொக்டர் தந்த கடிதத்தைக் கார் டு நோர் ரயில் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் போட்டேன். கெபெக் அணிக்காரர் கேட்டபோதும் மூன்று கிழமை என்றுதான் நீங்கள் சொன்னீர்கள், என்னை நம்பி.

கெபெக்கில் மூன்று கோடைப் பருவம் விளையாடினீர்கள். ஊர் ஊராகப் பஸ்ஸில் போய், வழியில் நின்று தொலைபேசியில் கூப்பிடுவீர்கள். அங்கத்தையச் சனம் உங்கள் பேரை உடைத்து உடைத்துக் கத்துகிறதாம். "இண்டைக்கு ஒரு பந்தும் என்னைத் தாண்டேல்லை" என்று நீங்கள் சொன்ன இரவுகளில் அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போய் நிற்பார். மூன்றாம் பருவத்தின் நடுவில், பேஸை நோக்கிச் சறுக்கி வந்த ஒருவனின் முழங்கால் உங்கள் தலையில் இடித்தது. அதற்குப் பிறகு பந்து உங்களுக்கு இரண்டாகத் தெரிந்தது. அணி உங்களை விலக்கிவிட்டது.

இருபத்தாறு வயதில் திரும்பி வந்து, லா ஷப்பலில் மரக்கறிக் கடையில் பெட்டி அடுக்கினீர்கள். வெளிச்சம் தாங்காமல் மாரியிலும் கறுப்புக் கண்ணாடி. சொன்னது மறக்கும், மறந்ததைச் சொன்னால் கோபம் வரும். ஒருமுறை லா ஷப்பல் தேர்த்திருவிழாவில், தெருவில் சிதறு தேங்காய் அடிக்கத் தொடங்கியதும், இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு சனத்துக்கு நடுவில் குந்திவிட்டீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் குடி என்று நினைத்து விலகினார்கள். நான் உங்களைத் தூக்கி நிறுத்தி, கூட்டத்துக்குள்ளால் வெளியே கொண்டுவந்தேன்.

அடுத்த நாள், அம்மா வீட்டில் இல்லாத நேரம், சொன்னேன். கடிதத்தைப் போட்ட தொட்டியைக்கூட விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் தேத்தண்ணியைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"உன்னை நம்பித்தானே கேட்டனான்."

எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் கதவு திறக்கவில்லை. விடியக் குசினிக்குள் வந்து, "தங்கச்சி, என்ன நேற்று நீ வரேல்லை?" என்று கேட்டீர்கள். நான் சொன்னது உங்களிடம் தங்கவில்லை. இன்னொருமுறை சொல்ல எனக்குப் பதினைந்து வருஷம் துணிவு வரவில்லை.

இந்தத் தை மாதம் நீங்கள் படியில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் மறுபடி சொன்னேன். நீங்கள் கண்ணை மூடியபடி, வேறு யாருடையவோ கதையைக் கேட்பதுபோலக் கேட்டீர்கள்.

"பள்ளிக்கூடப் பெட்டையிட்டை ஏன் இதெல்லாம் கேட்டவை? பாவம். அவள் இப்ப எங்கை?"

நான்தான் அது என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டீர்கள்.

அந்தப் 'பாவம்' என்ற சொல்லை எனக்கு மன்னிப்பாக எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை, அண்ணை. அதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. என்னைத் தெரிந்து சொன்னது ஒன்றே ஒன்று, அன்று தேத்தண்ணிக் கோப்பைக்கு முன்னால் இருந்து சொன்னது. அதுதான் என்னோடு இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் சடங்கில் அம்மா, வந்த சனத்துக்கெல்லாம் ஒரே கதையைச் சொன்னார். மூன்று கிழமை போதும் என்று சொல்லி என்ரை பிள்ளையை அனுப்பின அந்த டொக்டர் நல்லாயிருக்க மாட்டா என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, அவருடைய முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த டொக்டர் சொன்னது, அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னபடியே, பிரெஞ்சில் எனக்கு இன்னும் மனப்பாடம். அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை.