இருபது சிவப்புக் கம்புகள்

பெப்ரவரி 13, வியாழன்

சுற்றாடல் செயற்றிட்டத்துக்கு எங்கள் குழுவுக்கு விழுந்த தலைப்பு: வாவிக்கரையில் சேரும் குப்பை. வாவியாம்! தன்னாமுனையில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? எங்களுக்கு அது ஆறு. "புத்தகத்தப் பார்த்து எழுதினா முட்டைதான். கையால செஞ்சு படிங்க. என்ன படிச்ச எண்டு ஒவ்வொரு நாளும் எழுதுங்க" என்றார் ஹஸீனா டீச்சர். குழுவில் நானும் சுதாகரனும் மட்டும். மூன்றாவது ஆள் நடனப் போட்டிக்கு மாறிவிட்டாள். கெட்டிக்காரி.

பெப்ரவரி 15, சனி

கரை நீளத்துக்கு இருபது அடிக்கு ஒன்றாக இருபது கம்பு நட்டோம். கம்புக்கும் கம்புக்கும் இடையில் கிடக்கும் போத்தல், பை, செருப்பு எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருமுறை எண்ண வேண்டும். சுதாகரன் வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற் கொண்டுவந்தான். தலையில் சிவப்பு, கீழே இலக்கம். அந்த மடையன் பதின்மூன்றை இரண்டு தரம் எழுதிவிட்டான்.

மழைத் தண்ணீர் ஏறி, அப்பா வலை வைக்கும் ஓலைக் குடிலான வாடியையும் தாண்டி அதன் பின்பக்கம் வந்து நின்றது. சேற்றில் இறங்க எனக்கு அருவருப்பு. ஆகவே தண்ணீர் விளிம்போடேயே நட்டோம். பார்க்க ஒருவரும் இல்லை. ஊரே சித்தாண்டியில் கலியாண வீட்டில்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஐயோ.

விடிய கோணாமலை மாமா வேலிக்கு மேலால் கத்தினார்: "அழகரத்தினம்! ஓடிவா! நாம கலியாணத்துக்குப் போன நேரம் பார்த்து அளந்துட்டானுகள்! எல்லைக்கம்பு நட்டுட்டானுகள்!"

அப்பா தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். எங்கள் வாடிக்கும் அதன் பின்னால் நிற்கும் ஒன்பது தென்னைக்கும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. இந்தக் கரையில் யாருக்கும் இல்லை. சிவப்புத் தலைக் கம்பு நின்றால் அரசாங்கம் காணியை அளந்துவிட்டது என்று அர்த்தம்.

நான் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். வாய் நிறைய நுரை. அதனால்தான் ஒன்றும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பெப்ரவரி 18, செவ்வாய்

கரைப் பாதுகாப்புக் குழு. தலைவர் அப்பா. செயலாளர் சுதாகரனின் அப்பா! "வாயத் திறந்திராத, எங்கட அப்பா தோலை உரிச்சிருவார்" என்று சுதாகரன் மெசேஜ் போட்டிருக்கிறான்.

பிடுங்கி எறிவதுதானே என்று அம்மா கேட்டா. "அரசாங்கச் சாமான். தொட்டா கேஸ்" என்றார் அப்பா.

மூன்று அரசாங்கக் கந்தோர்களுக்கு அனுப்பும் மனுவோடு இணைக்க ஒரு வரைபடம் வேண்டுமாம். "மகள்ர கைதான் வடிவு, மகள் கீறட்டும்." கீறினேன். டீச்சர் படிப்பித்த அளவுத்திட்டத்தோடு, வடக்குத் திசைக்கு அம்புக்குறியும் போட்டு, இருபது கம்பையும் கீறினேன். எனக்குப் பைத்தியமா?

பெப்ரவரி 22, சனி

குப்பை எண்ணப் போனோம். காவலுக்கு நின்ற கோணாமலை மாமா விரட்டினார். "கிட்டப் போகாத புள்ள, உள்ளுக்குப் போட்டுடுவானுகள்." கேஸுக்குப் பயந்து ஒரு கிழமையாக ஒருவரும் கரைப்பக்கம் குப்பை கொட்டவில்லை.

குப்பை: பூச்சியம். கற்றது: பூச்சியம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வலையை மடியில் போட்டபடி இன்னும் இரண்டு கண்ணி முடிந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "கோணாமலைக்குத் தெரியுமா?"

"இல்ல."

"தெரியவேணாம். நூத்திப் பன்னெண்டு பேர் கையெழுத்து வெச்சாச்சு. எனக்கு மாலையும் போட்டுட்டாங்க. மறுகா நான் எந்த முகத்தோட திரியிற? பொறு. ஒவ்வொரு கந்தோரும் 'எங்கட இல்ல' எண்டு எழுதித் தரும். அதுக்குப் பிறகு நாமளே பிடுங்குவம்."

அப்பாவின் மூளையே மூளை!

மார்ச் 6, வியாழன்

இரண்டு கந்தோர்கள் தங்களுடையது இல்லை என்று எழுதிவிட்டன. குழுவுக்கு அம்மா பால்சோறு ஆக்கினா. இன்னும் ஒரு கடிதம்தான் வரவேண்டும்.

மார்ச் 18, செவ்வாய்

அந்த மூன்றாவது கந்தோர் ஜீப்பில் வந்தது. ஐயா ஒருவர் இறங்கி நான் கீறிய வரைபடத்தை விரித்தார். கரையில் இருபது கம்பும் படத்தில் உள்ளபடியே அச்சொட்டாக இருந்தன. "இது எங்கட எல்லைதான். இதுக்கு மேல உங்கட, கீழ ஆத்துக்கு ஒதுக்கின இடம். வாடி கீழ வருகுது. கழட்டணும்."

ஊரே பார்க்க முன்னால் போய் நின்றேன். "சேர், அது நாங்க நட்ட கம்பு. குப்பை எண்ண நட்ட."

கோணாமலை மாமா வாயைப் பிளந்தார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா மட்டும் சிரித்தார். "தங்கச்சி, போய்ப் படிக்கிற வேலையப் பாருங்க."

"இந்தப் படமும் நான்தான் கீறின! பாருங்க, பதின்மூண்டு ரெண்டு தரம் கிடக்கு!"

குனிந்து பார்த்தார். பேனையை எடுத்து இரண்டாவதன் பக்கத்தில் ஒரு 'அ' போட்டார். "இப்ப சரி."

நான் என்னதான் செய்யிற? ஆரிட்டப் போய்ச் சொல்லுற?

மார்ச் 25, செவ்வாய்

கம்புகளைப் பிடுங்கிவிட்டார்கள். அதே குழிகளில் கொங்கிறீற் தூண் நட்டார்கள்.

மார்ச் 28, வெள்ளி

'குப்பை: பூச்சியம்' என்று ஒப்படைத்த செயற்றிட்டத்துக்கு 91 புள்ளி. "சமூகத்தில் நிலையான மாற்றம் ஏற்படுத்தியுள்ளீர்கள்" என்று ஹஸீனா டீச்சர் எழுதியிருக்கிறார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

மார்ச் 30, ஞாயிறு

அப்பாவும் நானும் வாடியைக் கழற்றினோம். மழை விட்டு ஆறு வற்றிவிட்டது. தண்ணீர் இப்போது எங்கோ தூரத்தில். ஏசுவார், அடிப்பார் என்று பயந்துகொண்டே கூரைக் கிடுகை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கினேன்.

கடைசிக் கிடுகைத் தந்துவிட்டு, தூணையும் ஆற்றையும் பார்த்தார். "ஏன் மகள், அண்டைக்கு ஒரு நாலு எட்டுத் தண்ணிக்குள்ள இறங்கி நட்டிருக்கக் கூடாதா?"

"சேறு அப்பா" என்றேன்.

"ஓம்" என்றார். "சேறுதான்."

பிறகு இரண்டு பேருமாக வலைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.